மாப்பிள்ளை என் கனவுக்குள் வந்தார்

கனவு இணைப்பு இயந்திரத்துக்கு நீல வெளிச்சம் கொடுத்தவள் நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன். அசல் இயந்திரம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, நாலைந்து பேர் வட்டமாகப் படுத்துக்கொண்டு ஒருவர் கனவுக்குள் இன்னொருவர் நுழையும் படங்கள் வரிசை கட்டி வந்தன. நான் கலை இயக்குநர். அந்த அறைகளைக் கட்டுவது என் வேலை. அழகு நிலையத்தில் முடி உலர்த்தும் தொப்பி, மருத்துவமனை கழித்துப்போட்ட சலைன் குழாய், மீன் தொட்டி விளக்கு. என் இயந்திரம் இவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டால், "அதையெல்லாம் யாரு கேக்கப்போறா, பளபளன்னு இருந்தா போதும்" என்பார்கள் இயக்குநர்கள்.

பிறகு அசல் இயந்திரம் வந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு டப்பா, இரண்டு துணிப் பட்டை. பார்க்க ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி மாதிரி இருந்ததால் யாரும் நம்பிப் படுக்கவில்லையாம். சினிமாவில் வேறு மாதிரி இருக்குமே என்று கேட்டார்களாம். உடனே என் நீல விளக்கைத் தூக்கி அதன் தலையில் மாட்டிவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த விளக்குக்குக் கீழே நானே ஒருநாள் படுக்க வேண்டியிருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. படுக்க வைத்தது எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை வீடு விற்கிறவர். வெண்ணெய் தடவின மாதிரி பேச்சு. இடிந்து விழுகிற சுவரைக் காட்டி "நல்ல காத்தோட்டம்" என்று சொல்லி விற்றுவிடுவார். என் தங்கை பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கும் வேலை. விரல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. அந்த வலது கை விரல்கள்தான் போன மாதம் ஒடிந்தன. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றார் மாப்பிள்ளை. மருத்துவரிடம் அவளும் அதையே சொன்னாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றால் வேறு என்ன சொல்வாள்?

என் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் உண்மை வந்தது. சமையலறைக் கதவு. அவள் கை கதவின் நிலைச் சட்டத்தில் இருந்தது. அவர் சாத்தினார்.

அந்தக் கதவை நான்தான் கொடுத்தேன். கல்யாணப் பரிசாக அவர்கள் சமையலறையை நானே அளந்து, அலமாரி அடித்து, நல்ல கனமான மரத்தில் கதவும் போட்டுக் கொடுத்தேன். போலீசுக்குப் போகலாம் என்றேன். "யாருக்கா நம்புவா? அவர் பேசினா எனக்கே அவர் சொல்றதுதான் உண்மையோன்னு தோணுது" என்றாள். சரி, முதலில் ஆள் பத்திரமாக இருக்கட்டும் என்று அவளை ஓர் இடத்தில் விட்டேன். எங்கள் தையல்காரம்மாவின் வீடு அது, ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடி. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? குடும்ப சமரச மையத்தில் மனு போட்டார். மனைவி மனநிலை சரியில்லாமல் காணாமல் போய்விட்டாளாம், பிறந்த வீட்டார் மறைக்கிறார்களாம், அவர்களில் ஒருவரோடு கனவு இணைப்பு வேண்டுமாம். அங்கே விதி எளிது. குடும்பத்தில் ஒருவர் ஒரே ஒரு தடவை படுக்க வேண்டும். ஒன்றும் தெரியவராவிட்டால் மனு முடிந்தது, திரும்பப் போட முடியாது. கூப்பிடப்பட்டவர் மறுத்தால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். முதலில் வந்தது அம்மாவின் பெயர்.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்தாலே தெரு முழுக்கச் சொல்லாமல் இருக்க முடியாது. முழித்திருக்கும்போதே இப்படி என்றால் தூக்கத்தில் கேட்கவே வேண்டாம். "அம்மாவை விடுங்க, நான் படுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தாள். "உனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும். அங்க போயாவது கொஞ்சம் அடக்கிக்கிட்டு இருடி."

"சரிம்மா."

"சரின்னு சொல்ற தொனியே சரியில்ல."

மையத்தின் காத்திருப்பு அறையில் மாப்பிள்ளை எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதையில் குறை வைக்க மாட்டார்.

"வாங்கக்கா. நல்லாருக்கீங்களா? உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

"எனக்கென்ன சிரமம் மாப்பிள்ளை? படுத்துத் தூங்கத்தானே கூப்பிட்டிருக்கீங்க."

அவர் சிரித்தார். "நான் இதுக்குத் தனியா பயிற்சி எடுத்திருக்கேன். கனவு முழிச்ச உடனே கலைஞ்சுடுமாம். அதனால கண்ணைத் திறந்ததும் பார்த்ததை மைக்ல கடகடன்னு சொல்லிடணும், யோசிக்கவே கூடாது. தினமும் காலைல எழுந்ததும் முதல் வேலையா அதைத்தான் பழகினேன். இப்ப வாய் தானா சொல்லிடும்." சொல்லிவிட்டு, வாங்குகிறவருக்குச் சாவியைக் காட்டுகிற மாதிரி ஒரு புன்னகை செய்தார். ஒரு முகவரி என் தலைக்குள் இருக்கிறது, அவர் வாய் அதைச் சொல்லிவிடும்.

உள்ளே இரண்டு கட்டில்கள், தலைமாட்டில் அந்தப் பழுப்பு டப்பா, அதன் மேல் என் நீல விளக்கு. சமரச அலுவலர் ஓர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்ட அம்மாள். பட்டை கட்டிவிட்டவள் ஜலதோஷம் பிடித்த ஓர் ஆபரேட்டர் பெண். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் நெற்றியில் பட்டையை இறுக்கினாள்.

"இது உண்மையிலே எப்படிங்க வேலை செய்யுது? நான் இத்தனை வருஷமும் பொய்யாத்தான் செஞ்சிருக்கேன்" என்றேன்.

"படம் எதுவும் போகாதுங்க" என்றாள் அவள். "எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. உங்க தலையிலேர்ந்து அவருக்குப் போறது வெறும் சாடைதான். இங்க கதவு, அங்க சுவர், இது பழகின இடம், இது புது இடம். அவ்வளவுதான். அதை வாங்கிட்டு அவரோட மூளை தன்கிட்ட இருக்கறதை வெச்சுப் படம் போட்டுக்கும். உங்களுக்குக் கதவுன்னா அவருக்கும் கதவு. அதுக்கு என்ன நிறம், பின்னால என்ன இருக்குங்கறது அவர் பாடு. பேச்சு கேக்கும். வாசனை மட்டும் அப்படியே போகும், ஏன்னு எங்களுக்கே தெரியாது."

"அப்ப அவரு என்னத்தைக் கண்டுபிடிப்பாரு?"

"சாய்வு இருக்கே. உங்க மனசு எது மேல முழுசா நிக்குதோ, அந்தப் பக்கம் தரை சாயும். அவர் சும்மா நின்னாலே அங்க சறுக்கிட்டுப் போவார். போய்ச் சேர்ந்தா அங்க கேக்கற பேச்சும் அடிக்கிற வாசனையுமே எந்த இடம்னு காட்டிக் குடுத்துடும். மறைக்கணும் மறைக்கணும்னு நெனைச்சீங்கன்னா இன்னும் வேகமா போவார். அதனால பயப்படாம இருங்க."

பயப்படாமல் இருங்கள் என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? "பயத்துக்கு மட்டும்தான் சாயுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வேணா சாயும். ஆனா பயந்தப்பதான் மனசு வேற எங்கயும் போகாம ஒரே இடத்துல நிக்கும். மத்ததுக்கெல்லாம் யாரு அப்படி நிக்கறா?"

பாவம், அவளுக்கு என்னைத் தெரியாது. கையில் தூக்க ஊசி ஏறியது. மீன் தொட்டி நீலம் கண்ணுக்குள் பரவியது. இதைவிடக் கொஞ்சம் மங்கலாக வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

முழித்தபோது, அதாவது கனவுக்குள் முழித்தபோது, எங்கள் படப்பிடிப்புத் தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். இது எனக்குப் புதிதல்ல. நான் எந்தக் கனவு கண்டாலும் கடைசியில் செட்டில்தான் போய் நிற்பேன். நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் கதவுகள், மேலே கூரை இல்லை, விளக்குக் கம்பிகள்தான். புது பெயின்ட் வாடை. நடையின் அந்தக் கோடியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி கலையாத அதே சட்டை.

"பெரிய வீடு வெச்சிருக்கீங்கக்கா" என்றார். அவருக்கு அது வீடாகத் தெரிந்திருக்கிறது.

"உங்க கண்ணுக்கு எல்லாமே வீடுதானே மாப்பிள்ளை. சுத்திப் பாருங்க."

அவர் தொழில்காரர். கதவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். திறந்திருந்த கதவுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டியிருந்த கதவு வந்ததும் நின்றார். "வீடு காட்டப் போறப்ப எந்த ரூமைப் பூட்டி வெச்சிருக்காங்களோ, அங்கதான் சுவர்ல ஓதம் ஏறியிருக்கும். நானே எத்தனை ரூமைப் பூட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தோளால் ஓர் இடி இடித்தார். கதவு விழுந்தது. பின்னால் ஒன்றுமில்லை. என் பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் பலகையும் அதற்கு முட்டுக்கொடுத்த சட்டமும். அவருக்கு என்ன தெரிந்ததோ, முகம் சுளித்தார்.

எங்கள் தொழிலில் பூட்டின கதவுக்குப் பின்னால் யாரும் எதையும் கட்ட மாட்டோம். கேமரா போகாத இடத்துக்கு எதற்கு வீண் செலவு? திறக்கிற கதவுக்குப் பின்னால்தான் அறை இருக்கும். இது எங்கள் ஆட்களுக்கெல்லாம் ரத்தத்தில் ஊறினது, என் கனவும் அந்தப் பழக்கப்படியே கட்டியிருந்தது. அவரோ அடுத்த பூட்டை இடித்தார். அதற்கடுத்ததையும் இடித்தார். சட்டை கசங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இதை ரசித்ததுதான் என் தப்பு. இவர் இப்படியே இடித்துக்கொண்டு கிடக்கட்டும், தங்கை பத்திரமாக இருக்கிறாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். அவளை நினைத்ததும் அந்த மாடியும் நினைவில் வந்துவிட்டது. சுடச்சுட ரொட்டி வாசனை நடை முழுக்கப் பரவியது.

மாப்பிள்ளை அப்படியே நின்றார். மூக்கை உயர்த்தினார். "ரொட்டி" என்றார் மெதுவாக. "அடுப்புலேர்ந்து இப்பதான் எடுத்திருக்காங்க."

நினைக்காதே, நினைக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லத் தரை இடது பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் திறந்த கதவு ஒன்று, அதற்கப்பால் மாடிப்படி. தையல் இயந்திரம் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. அவருடைய காலணி சறுக்க ஆரம்பித்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டு, சறுக்குமரத்தில் போகிற குழந்தை மாதிரி, சந்தோஷமாகப் போனார்.

"நல்ல வேளைக்கா, உங்களுக்கு மறைக்கத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே போனார். "அவளும் உங்களை மாதிரிதான். கையை எங்க வெக்கணும்னுகூடத் தெரியாது."

கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாதாம்!

அம்மா, என்னை மன்னித்துக்கொள். நான் அடக்கவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. ரொட்டியாவது மாடியாவது, எல்லாம் என் மனதிலிருந்து துடைத்துவிட்ட மாதிரி போனது. ஒன்றே ஒன்றுதான் நின்றது. நானே மரம் பார்த்து, நானே இழைத்து, நானே கீல் போட்டு மாட்டிய அந்தக் கதவு.

தரை ஒரு குலுங்கு குலுங்கி வலது பக்கம் சாய்ந்தது. மாடிப்படியில் கால் வைக்கப் போனவர் தடுமாறித் திரும்பினார். நடையின் வலது கோடியில் அந்தக் கதவு நின்றது. அதில் பூட்டில்லை. லேசாகத் திறந்தே இருந்தது.

அவர் முகத்தில் பயத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "இது எதுக்கு இங்க?" என்றார்.

"தெரிஞ்ச கதவுதானே மாப்பிள்ளை? போங்க."

"எனக்கு அந்தப் பக்கம் போக வேணாம். ரொட்டி வாசனை எங்க போச்சு?"

"நீங்கதான் சறுக்கறதுல கெட்டிக்காரராச்சே. சறுக்குங்க."

சுவரைப் பிடித்தார். என் சுவர் அது, தட்டினால் ஆடுகிற பலகை. கையோடு வந்துவிட்டது. இன்னொன்றைப் பிடித்தார், அதுவும் சரிந்தது. நான் ஓர் அடிகூட நகரவில்லை, அவரைத் தொடவும் இல்லை. என் தங்கை மெழுகில் பல் செதுக்குகிற விரல்களை நினைத்தேன், அந்தக் கதவை நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கோபத்தைக் குறை, கோபத்தைக் குறை என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை. நல்லவேளை, நான் யார் பேச்சையும் கேட்கவில்லை.

"அக்கா, நிறுத்துங்க."

"அவ சொன்னப்ப நீங்க நிறுத்தினீங்களா?"

கதவு அவர் மோதித் திறந்தது. என் கண்ணுக்கு அதன் பின்னால் இருந்தது வெறும் பலகை. சமையலறை இல்லை, ஆள் இல்லை, ஒன்றுமே இல்லை. மனதில் கதவு மட்டும்தான் இருந்தது, அதற்குமேல் நான் எதுவும் கட்டவில்லை. ஆனால் மாப்பிள்ளை அந்தப் பலகையைப் பார்த்து அலறினார். அந்த அலறலில் நான் முழித்துக்கொண்டேன்.

நீல விளக்கு. ஜலதோஷக்காரி என் பட்டையை அவிழ்க்கக் கை நீட்டினாள். பக்கத்துக் கட்டிலில் மாப்பிள்ளையின் கண் பாதிதான் திறந்திருந்தது. மைக் வாய்க்கு நேராக இருந்தது. சமரச அலுவலர் வழக்கமான குரலில், "என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

தினமும் காலையில் பழகின வாய் அது. யோசிக்காமல் கடகடவென்று சொன்னது.

"சமையல் ரூம். அவ கை நிலைல இருக்கு. எடுன்னு சொன்னேன், எடுக்கல. பேசிட்டு இருக்கறப்ப எந்திரிச்சுப் போறா. என்கிட்டேயே போறேங்கறா. கை இருக்குன்னு தெரியும், தெரிஞ்சுதான் சாத்தினேன். சத்தம் கேட்டுச்சு. மறுபடியும் சாத்தினேன்."

பிறகு கண் முழுதாகத் திறந்தது. அறையில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். மைக்கைப் பார்த்தார்.

"கனவு" என்றார். "மேடம், இது அவங்க கனவு. அவங்க காட்டினதைத்தான் சொன்னேன். அவங்க சினிமாக்காரங்க, செட்டு போட்டுட்டாங்க."

மறுபடியும் சாத்தினார் என்பது எனக்குத் தெரியாது. தங்கை அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அலுவலர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "நீங்க என்ன பார்த்தீங்கம்மா?"

"பலகை மேடம். வெறும் பலகை. கதவு என்னோடது. பின்னால இருந்ததெல்லாம் அவரோட சொந்தச் சரக்கு."

அலுவலர் ஆபரேட்டரைப் பார்த்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படித்தாங்க மேடம் வேலை செய்யும். படம் போகாது. அவர்கிட்ட இல்லாததை இவங்க காட்ட முடியாது" என்றாள். "பேசினது பூரா பதிவாயிருக்கு."

மனு முடிந்தது என்றார் அலுவலர். பதிவைப் போலீசுக்கு அனுப்ப வேண்டியது தன் கடமை என்றும், ஆனால் அடிபட்டவர் வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்றும் சொன்னார். மாப்பிள்ளை எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அது நிஜத்தில் கசங்கவே இல்லை. போகிற போக்கில் என் பக்கம் குனிந்தார்.

"அவ வரமாட்டாக்கா. வந்து சொல்ற தைரியம் அவளுக்குக் கிடையாது. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு என்னதான் தெரியாது மாப்பிள்ளை? பூட்டின கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னுகூடத் தெரிஞ்சுதே" என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம் இருந்தது. அலுவலர் அவரை வெளியே விடாமல், போலீஸ் வரும்வரை காத்திருப்பு அறையில் உட்காரச் சொன்னார்.

வாசலுக்கு வந்து தங்கைக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கண்டுபிடிச்சுட்டாரா?"

"இல்ல." ரொட்டி வாசனை காட்டிக்கொடுக்கப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயாலேயே வந்தது என்றேன். மறுபடியும் சாத்தியது உட்பட எல்லாம் பதிவாகியிருக்கிறது என்றேன். கீழே ரொட்டிக் கடையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் போனில் கேட்டது.

"அவர் வாயாலயா?" என்றாள்.

"அவர் வாயாலதான்."

"அப்ப நடந்ததுதானேக்கா அது. நானா கற்பனை பண்ணிக்கல."

"அடி அசடே, கையில கட்டுப் போட்டுக்கிட்டு இன்னும் சந்தேகமா உனக்கு?" அதற்குமேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"அவர் அங்கதான் இருக்காரா?"

"உள்ளதான் உக்காந்திருக்காரு. நீ இப்ப வர வேணாம். வக்கீலைப் பார்த்துட்டு, மெதுவா..."

"வரேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. வரேன்."

நான் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம், பேருந்தில் வருகிறேன் என்றாள். ஒளிந்து வந்தது போதும் என்றாள். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றாள்.

வாசல் படியிலேயே நின்றேன். வெயில் நன்றாக இருந்தது. எதிர்ச் சாரியில் பேருந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக அவளும் இறங்கினாள். வலது கை கட்டோடு மார்பில் தொங்கியது. தலையில் முக்காடு இல்லை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி இல்லை. சாலையைக் கடந்து நேராக வந்தாள். என் பக்கத்தில் வந்ததும் அவளிடமிருந்து ரொட்டி வாசனை அடித்தது.

"வாசனையை உள்ள கொண்டு போகட்டுமாக்கா?" என்றாள். சிரித்தாள்.

"நல்லா கொண்டு போ."

மையத்தின் வாசல் கதவு கனமானது, பட்டென்று சாத்திக்கொள்கிற ரகம். அவள் உள்ளே போகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.